அம்மா ஒட்டிய விளிம்பு

மகளின் பள்ளிப் பாவாடையின் விளிம்பில் பசை நாடாவை வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். சூடான பசையின் வாசம் கிளம்பியதும் மலேசியாவின் கிள்ளானில் இருந்த எங்கள் பழைய வீடு நினைவுக்கு வந்தது.

ஷா ஆலம் தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வரும் அம்மா, தைக்க நேரமில்லாமல் என் பாவாடையை இப்படித்தான் ஒட்டுவார். ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் அப்பா அந்த விளிம்பைப் பிய்த்துக் காட்டினார்.

"ஊசி பிடிக்கத் தெரியாத சோம்பேறி."

அம்மா ஊசியையும் நூலையும் அவரிடம் நீட்டினார். "நீங்க வீட்லதானே இருக்கீங்க. தைங்க லா."

அப்பா வெளியே போய்விட்டார். அம்மா மறுபடி இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார்.

"ஏம்மா, மத்தவங்க அம்மா மாதிரி நீங்க தைச்சா என்ன?" என்று கேட்டேன்.

அப்பாவின் மேல் எனக்கு இன்னும் கோபம். அதைவிடப் பெரிய கோபம், அப்படிக் கேட்ட என் மேல்.