காலர் வைக்கிற அண்ணி

எங்க அண்ணிக்கு வாய் கொஞ்சம் அதிகம்னு எங்க அண்ணனே சொல்லுவான். நான் சொல்றேன், அந்த வாய் இல்லேன்னா எங்க தெருப் பிள்ளைங்க இன்னைக்கும் பூட்டின வீட்டுக்குள்ளதான் கிடக்கும்.

சட்டை தைக்கிற கம்பெனியில நானும் அண்ணியும் ஒரே வரிசை. அண்ணி காலர் வைக்கிறவங்க. அவங்க நிறுத்திட்டா, பின்னால பட்டன் வைக்கிறவங்க வரைக்கும் ஈ ஓட்டணும்.

கம்பெனிக்குப் பின்னாடி அரசாங்கப் பாலர் பள்ளி. பிள்ளையைக் காலையில விட்டுட்டு வந்தா சாயங்காலம் வரை நிம்மதியாத் தைக்கலாம். அதைத் தண்டச் செலவுன்னு நகரசபை மூடிட்டுது. முதல்ல கை தூக்கின உறுப்பினர் யாருங்கறீங்க? எங்க முதலாளியேதான்! எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

வேலையை விட்டுட்டுப் பிள்ளையைப் பாருன்னான் அண்ணன். அண்ணி காதுலயே வாங்கல. மறுநாள் மகளைத் தூக்கிட்டு வந்து, மெஷின் பக்கத்துல துணிக்கட்டு மேல உட்கார வச்சாங்க. அதைப் பார்த்து அடுத்த நாள் எல்லாரும் தூக்கிட்டு வந்துட்டோம். மதியத்துக்குள்ள வெள்ளைச் சட்டையெல்லாம் சாக்பீஸ் கிறுக்கல். என் சின்னவன் பட்டன் டப்பாவைக் கவுத்துட்டான்.

முதலாளி இறங்கி வந்தார். அண்ணிகிட்ட குனிஞ்சு, உன் பிள்ளையை மட்டும் தனியார் பள்ளியில சேர்க்கறேன், பணம் நான் கட்டறேன்னார். பக்கத்து மெஷின்ல இருந்த எனக்கும் அது கேட்டுது. அண்ணி சரின்னுட்டா அவங்க வேலை பிழைச்சுது, எங்க கதி அதோகதி.

அண்ணி எல்லாருக்கும் கேக்கிற மாதிரியே சொன்னாங்க. "பள்ளிக்கூடம் செலவுன்னு நீங்கதானே ஐயா கை தூக்கினீங்க? நாங்க இங்க உக்காந்து தைக்கிறதே அந்தச் செலவாலதான். இதுங்களும் நாளைக்குப் படிச்சு, சம்பாதிச்சு, வரி கட்டும். அது வரவு இல்லையா?"

இஷ்டமில்லேன்னா வீட்டுக்குப் போன்னார். அண்ணி மெஷினை நிறுத்தினாங்க. நானும் நிறுத்தினேன். அப்புறம் வரிசை மொத்தமும்.

சட்டையெல்லாம் பாதியில தேங்கிப்போச்சு. பல்லைக் கடிச்சுப் பார்த்த மனுஷன், அடுத்த நகரசபைக் கூட்டத்துல பள்ளியைத் திறக்கணும்னு தானே எழுந்து பேசினாராம். வெட்கமாவது மானமாவது!

பள்ளி திறந்தாச்சு. ஆனா முதலாளி அண்ணியைக் காலர்லேருந்து எடுத்து நூல் வெட்டப் போட்டார், சம்பளமும் குறைஞ்சுது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அண்ணி கத்தரியைக் கையில எடுத்துக்கிட்டு அவர் முகத்துக்கு நேராப் பார்த்தாங்க.

"நூல்தானே, வெட்டறேன் ஐயா. பள்ளியை மறுபடி மூடுங்க, பார்ப்போம்."