கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவள்

உலகத்தில் எத்தனை நாடு உண்டோ அத்தனை நாட்டுத் தொழிலாளர் சட்டமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சரி, கொஞ்சம் அதிகமாகவே அளந்தாயிற்று. நாலு நாட்டுச் சட்டம் தெரியும். அதிலும் ஒன்றுக்குப் புத்தகத்தைப் புரட்டியாக வேண்டும். பல நாட்டு ஆட்களை வைத்து வேலை வாங்கும் கம்பெனிகளுக்கு யோசனை சொல்வது அவள் பிழைப்பு. எந்த ஒப்பந்தத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள். வீட்டுக்காரர் அவளைக் 'கடைசிப் பக்கம்' என்றே கூப்பிடுவார். கதைப் புத்தகத்தையும் அப்படியே படித்து முடிவைப் போட்டு உடைத்துவிடுகிறாளே என்ற கடுப்பு அவருக்கு.

அன்று போனது லிஃப்ட் கதவு செய்யும் தொழிற்சாலைக்கு. ஒன்பது நாட்டு ஆட்கள். மேனேஜர் அறை பெயின்ட் கூடத்துக்கு நேர் மேலே. கீழே விசிறி ஓடினால் மேலே தேநீர்க் கோப்பை ஆட்டம் போடும். வாசல் பெஞ்சில் வெளிநாட்டு பெயின்டர் ஒருவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேர்ந்து ஐந்து மாதம். வேலை போனால் விசாவும் போகும். முப்பது நாளில் மனைவி மகளோடு மூட்டை கட்ட வேண்டும். மகள் இப்போதுதான் பள்ளியில் ஒரு சிநேகிதியைப் பிடித்திருந்தாள்.

"ஆறு மாசம் தகுதிகாண் காலம்னு ஒப்பந்தத்துல இருக்கு மேடம். ஆளு வேகம் பத்தல. காரணம் சொல்லாம அனுப்பிடலாம்ல?" என்றார் மேனேஜர். வேலைநீக்கக் கடிதம் கையெழுத்தாகி மேசையில் கிடந்தது.

அவள் வழக்கம்போலக் கடைசித் தாளை எடுத்தாள். வேலை நடக்கும் நாட்டுச் சட்டமே செல்லும் என்று அங்கே பளிச்சென்று எழுதியிருந்தது.

"அப்போ இந்த ஆறு மாசம் எங்கிருந்து வந்துச்சு?"

மூலையில் உட்கார்ந்திருந்த ஆள் சேர்க்கும் அதிகாரி, சின்னப் பெண், எழுந்தாள். "வெளிநாட்டுத் தலைமை ஆபீஸ் அனுப்பின படிவம் மேடம். அவங்க நாட்டுல ஆறு. நான் பேரை மட்டும் மாத்தினேன்."

"இங்க மூணுக்கு மேல கூடாது. அவர் ரெண்டு மாசம் முன்னாடியே நிரந்தரமாயிட்டார். உங்க யாருக்கும் தெரியல, பாவம், அவருக்கும் தெரியல."

"உங்களைக் கூப்பிட்டது நாங்க. நீங்க அவன் பக்கம் பேசுறீங்களே!"

"உங்க பக்கம்தான் சார் பேசுறேன். இந்தக் கடிதம் வெளியே போனா கேஸ் நிக்காது, நீங்க நிப்பீங்க, கோர்ட் வராந்தாவுல. ஏன் வேகம் இல்லைன்னு அவரையே கேட்டீங்களா?"

கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். முதல் பூச்சு காயாமல் இரண்டாவதை அடித்தால் கொப்புளம் விடும், அதனால்தான் காத்திருக்கிறேன் என்று அரைகுறைப் பேச்சும் கையசைவுமாகச் சொன்னார் பெயின்டர். இவர் பூசிய கதவு ஒன்றுகூட இதுவரை திரும்பி வரவில்லை என்பது அப்போதுதான் மேனேஜருக்கு உறைத்தது. கடிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

அவளுக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. பெயின்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"இனிமே உங்களை இந்த வேலையிலிருந்து யாராலும் அசைக்க முடியாது!"

மூலையில் சட்டப் புத்தகத்தை விரித்து வைத்திருந்த சின்ன அதிகாரி தலை நிமிர்ந்தாள்.

"அப்படி இல்ல மேடம். நியாயமான காரணம் சொல்லி, ஒரு மாசம் முன்னாடி எழுத்துல கொடுத்தா அசைக்கலாம்."