சுவரோரம் போட்ட கட்டில்

மருத்துவக் கட்டில் செய்யும் அந்தக் கம்பெனியில் அவளை ‘வெளியூர்க்காரி’ என்றுதான் சொல்வார்கள். கம்பெனிக்கு வெளியே இருப்பவர்களிடம் யோசனை வாங்கி உள்ளே கொண்டுவருவது அவள் வேலை. உள்ளே இருப்பவர்களுக்கு அது வேப்பங்காய். கேன்டீனில் அவள் தட்டோடு வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும்.

“மெதுவாப் பேசுங்கப்பா, ஊருக்குப் போயிடும்” என்பார் வடிவமைப்புத் தலைவர். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டுச் சாப்பிடுவாள். வீட்டிலும் அதே கதைதான். அம்மா இறந்தபின் பேச்சுத்துணைக்கு ஆளில்லை.

அந்த வருடம் அவள் பிரிவை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. கடைசியாக ஒரு கேள்வியை வெளியே விடச் சொன்னார்கள். உருப்படியான பதில் வந்தால் பிரிவு தப்பும். வராவிட்டால் அவள் பழையபடி பில் போடும் மேசைக்குப் போக வேண்டியதுதான்.

நோயாளியைப் புரட்டும்போது மெத்தை கட்டிலை விட்டு நழுவியது. அதுதான் பிரச்சினை. ஆனால் போட்டிக் கம்பெனிகள் மோப்பம் பிடித்துவிடும் என்று கேள்விக்கு முகமூடி போட்டு அனுப்புவது அங்கே வழக்கம். ‘தாங்குதளத்தின் மீதுள்ள மென்பரப்பின் பக்கவாட்டு நகர்வைக் குறைத்தல்’ என்று இணையத்தில் வெளியிட்டார்கள். ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

கெடு நெருங்கியபோது அவள் யாரையும் கேட்காமல் அதை மாற்றினாள். ‘படுத்த படுக்கையாக இருப்பவரைத் தனி ஆளாகப் புரட்டுகிறீர்களா? மெத்தை நழுவுகிறதா? என்ன செய்கிறீர்கள்? கூப்பிட்டுச் சொல்லுங்கள்.’ கீழே தன் மேசை போன் நம்பரைப் போட்டாள்.

மறுநாளிலிருந்து போன் ஓயவில்லை. பாதிப் பேரிடம் யோசனையே இல்லை. கேட்க ஒரு காது கிடைத்ததே என்று பேசினார்கள். அவளும் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

வடிவமைப்புத் தலைவர் மூச்சிரைக்க வந்து நின்றார். “நம்ம மெத்தை வழுக்குதுன்னு தண்டோரா போட்டுட்டீங்களேம்மா.”

“வாங்கினவங்களுக்கு முன்னாடியே தெரியும் சார். நமக்குள்ளதான் அது ரகசியம்.”

அதற்குள் போன் மணி அடித்தது. அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். பேசியவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், படுக்கையில் கிடக்கும் அண்ணனைப் பார்த்துக்கொள்பவர்.

“எங்கண்ணன் நல்ல கனம்மா. தள்ளினா மெத்தையும் சேர்ந்து போயிடும். அதனால நான் தள்றதே இல்ல. அவருக்கு அடியில போர்வையை விரிச்சு, அந்தப் பக்கத்து நுனியை அவர் மேலயே எடுத்து என் பக்கமா இழுப்பேன். என்னைப் பாத்துப் புரண்டுருவாரு. மெத்தை நகர்ந்தா என் முட்டியில வந்து நிக்கும்.”

“நாங்க ரெண்டு பேரை வச்சுதான் சோதிச்சோம்” என்றார் தலைவர்.

“ரெண்டாவது ஆளுக்கு நான் எங்க சார் போறது?” என்றார் டிரைவர். பிறகு அவளிடம், “நீங்க யாரைம்மா பாத்துக்கிட்டீங்க? கேக்கற விதத்துலயே தெரியுது.”

“எங்கம்மாவை. கட்டிலைச் சுவத்தோட ஒட்டிப் போட்டுட்டேன். அந்தப் பக்கமாத் தள்ளுவேன், மெத்தை நழுவாது.”

“அப்ப அவங்க சுவத்தைப் பாத்தே படுத்திருந்தாங்களா?”

“ஆமா” என்றாள்.

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எதிர்ப்பக்கம் கைப்பிடி தைத்த விரிப்பும், கட்டில் ஓரத்தில் முட்டிக்குப் பதிலாக ஒரு தடுப்பும் தயாராயின. டிரைவருக்குச் சேரவேண்டிய பணம் சேர்ந்தது. பிரிவும் தப்பித்தது. ஆனால் போன் நம்பரை மட்டும் எடுத்துவிட்டார்கள். ரகசியம் கசிகிறதாம், இனி எழுதி அனுப்பட்டுமாம். மேசை போன் ஊமையானது. கேன்டீனில் இப்போது அவள் உட்கார்ந்தாலும் பேச்சு நிற்பதில்லை. அவளிடம் யாரும் பேசுவதுமில்லை.

மாதிரி விரிப்பு ஒன்றை மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அம்மாவின் கட்டிலைச் சுவரிலிருந்து தனியாகவே இழுத்தாள். விரிப்பைப் போட்டு, அதன்மேல் ஒரு போர்வைச் சுருளை வைத்து, கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். சுருள் அவள் பக்கமாகப் புரண்டது. மெத்தை நகர்ந்து வந்து அவள் முட்டியில் நின்றது.

இன்னொரு முறை செய்து பார்த்தாள். பிறகு விரிப்பை மடித்து வைத்துவிட்டு, கட்டிலை அறை நடுவிலேயே விட்டுவிட்டு, சாப்பாட்டைச் சூடு பண்ணப் போனாள்.