உள்ளே என்ன இறங்கியது?

வாய்க்குள் விடுகிற எவர்சில்வர் ஸ்பூனின் காம்பை ஞானம்மா முதலில் தன் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிக்கொள்வாள். சில்லென்று எது பட்டாலும் துடித்துப்போகிற வாய்கள் அவை. பிறகு காம்பில் பஞ்சைச் சுற்றி, டார்ச்சை அடித்து, "ஆ காட்டு நைனா" என்பாள். எழுபது வயசுக் கிழவரும் அவளுக்கு நைனாதான்.

திருவள்ளூரில் புற்றுநோய்க்கு ஊசி மருந்து ஏற்றுகிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். மருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில்தான் அங்கே வந்தது. கட்டியைக் கரைக்கிற அது வாயையும் சும்மா விடாது. உதட்டின் உட்புறம், நாக்கு, தொண்டை எல்லாம் வெந்து உரிந்துவிடும். எவ்வளவு வெந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது ஞானம்மாவின் வேலை. வியாழன்தோறும் பட்டணத்திலிருந்து ரயிலில் வருகிற டாக்டர் அதற்கு ஓர் அளவு சொல்லிக்கொடுத்திருக்கிறார். புண்ணைப் பார், அதோடு உள்ளே என்ன இறங்குகிறது என்றும் பார். சோறு இறங்கினால் ஊசி போடலாம். கஞ்சிதான் என்றால் யோசிக்க வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் வாய் ஆறுகிறவரை ஊசி கிடையாது.

இந்த அளவு அவளைத் தெருவிலும் விடுவதில்லை. கீரைக்காரியிடமும் பாதிரியாரிடமும் "காலீல இன்னா எறங்குச்சி?" என்றுதான் பேச்சை எடுப்பாள். நாஷ்டாவுக்கு நாலு இட்லி என்று சொன்னால் முகம் மலர்ந்துபோகும். அவள் சமையலில் மட்டும் மிளகாய் கிடையாது. கேட்டால், "நெனச்சாலே எரியுது" என்பாள்.

நோயாளிகள் அவளிடம் பொய் சொல்வார்கள். ஊசியை நிறுத்தினால் கைவிட்டுவிட்டார்கள் என்று வார்டில் ஒரு பேச்சு. போன மாதம் ராஜமாணிக்கம் என்பவர் சோறுதான் தின்றேன் என்று சாதித்தார். ஞானம்மா நம்பினாள், ஊசியும் போட்டார்கள். வாய்ப்புண் வழியே கிருமி ஏறி, அடுத்த வியாழனுக்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். பாவி மனுஷன். அதிலிருந்து எல்லோரையும் தன் கண்ணெதிரே சாப்பிடச் சொல்கிறாள்.

இந்த வியாழன் குப்பனின் முறை. பழவேற்காட்டு ஏரியில் வலை வீசுகிறவன். அவனுடைய குப்பத்தில் ஒருவனுக்கு மீன் குழம்பு வேண்டாமென்று ஆகிவிட்டால், உறவுக்கெல்லாம் ஆள் அனுப்பிவிடுவார்கள். அவன் கதை முடிந்ததென்று பொருள். அதனால் அவன் பெண்சாதி செங்கம்மாள் சோற்றில் குழம்பையே பிசைந்து எடுத்து வந்திருந்தாள். குப்பன் ஒரு கவளத்தை வாயில் போட்டான். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. குழம்பு கொஞ்சம் காரம் என்றாள் செங்கம்மாள். பிறகு ஞானம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சோறுன்னே சொல்லிடு நர்சம்மா. ஊசி இல்லன்னா இந்தாளு இன்னிக்கே மனசு வுட்ரும்."

ஞானம்மா குப்பனின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. கன்னம் உப்பியபடியே இருந்தது. உதட்டோரம் குழம்போடு ரத்தமும் சேர்ந்து கசிந்தது.

டாக்டர் கட்டிலருகே வந்து, என்ன இறங்குகிறது என்று கேட்டார். வாய் நிறையச் சோற்றோடு குப்பன் வேகமாகத் தலையாட்டினான்.

"தண்ணிதான் சார்" என்றாள் ஞானம்மா.

டாக்டர் ஊசி வேண்டாமென்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். செங்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வாய் ஆறினால் திரும்பவும் போடுவார்கள் என்று ஞானம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். குப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு, உதட்டை இறுக்கி, துப்பவும் மாட்டாமல் முழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வெறுங்கையை அவன் மோவாய்க்குக் கீழே ஏந்தினாள்.