ஓரகத்திச் சொற்கள்

"முதல்ல தமிழ்ல சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நூர்ஜான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்கிறார். மடிக்கணினி திறந்திருக்கிறது, அச்சுப்பொறியின் பச்சை விளக்கு எரிகிறது, எதிரே பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கோ அவசரம். ஆனாலும் கைகள் மடியை விட்டு எழாது. நடந்தது என்ன என்று ஆதியோடந்தமாகத் தமிழில் கேட்டு முடித்த பிறகுதான் ஆங்கிலத்தில் முதல் எழுத்தைத் தட்டுவார். "ஒரு லீவு லெட்டர்தானே அக்கா" என்று முனகுபவர்களுக்கும் இதே சட்டம்தான்.

பினாங்கு ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில், நகல் எடுக்கும் கடை ஒன்றின் முன்னால் ஐந்தடி நடைபாதையில் அவருடைய மேசை. வயது ஐம்பத்து நான்கு. மலாய்க் கடிதங்களை ஜனங்கள் தாங்களே எழுதிக்கொள்வார்கள். தனியார் நிறுவனங்களுக்குப் போகும் ஆங்கிலக் கடிதங்கள்தான் இவரிடம் வரும். கைப்பேசியே கடிதம் எழுதித் தரும் காலம் வந்ததும், இந்தத் தொழில் படுத்துவிடும் என்று எதிர்க்கடை பஷீர் சொன்னார். கூட்டம் இரட்டிப்பானது. முன்பெல்லாம் தப்பான ஆங்கிலத்தோடு வந்தார்கள். இப்போது தங்களுக்கே புரியாத சரியான ஆங்கிலத்தோடு வருகிறார்கள்.

பார்க்க ஒன்றுபோல இருந்து பொருளில் விலகி நிற்கும் ஆங்கிலச் சொற்களை நூர்ஜான் ஓரகத்திகள் என்பார். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த பெண்கள். "ஒரே மாதிரி சேல கட்டிக்கிட்டு வாசல்ல நிப்பாளுங்க. பெரியவகிட்ட சொல்ல வேண்டியத சின்னவகிட்ட சொல்லிப் பாருங்க, அப்பறம் தெரியும்." கல்யாணத்துக்கு வரன் பார்க்கத் தன்னைப் பற்றித் தானே குறிப்பு எழுதிக் கொண்டுவந்தாள் தனுஜா என்கிற பெண். பிறர் மனம் அறிந்து நடப்பவள் என்பதற்குக் கன்சிடரேட் என்று வந்திருக்க வேண்டும். கன்சிடரபிள் என்று வந்திருந்தது. கணிசமானவள் என்று பொருள். நூர்ஜான் விளக்கிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பொய் இல்லலா. ஆனா மாப்பிள்ள வீட்டுக்கு மொதல்லயே சொல்லணுமா?" என்றார். தனுஜா சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து பிறகு திருத்தினார்.

இவ்வளவு கண்டிப்பானவர் ஊரில் உள்ள பெயர்ப்பலகைகளையெல்லாம் திருத்திக்கொண்டு அலைவார் என்று நினைத்தால் தவறு. பிழையான பலகைகளுக்குக் கீழேதான் தினமும் நடந்து வருகிறார், நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பலகை யாருடைய வாழ்க்கையையும் கெடுப்பதில்லை, கடிதம் கெடுக்கும் என்பது அவர் கட்சி.

கடிதம் கெடுத்த கதை ஒன்று அவரிடமே உண்டு. கேட்டால் சொல்வார், குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. கணவர் லாரி ஓட்டியவர். சுங்கை பினாங்கில் ஓர் அறக்கட்டளை கட்டிய வீடுகளில் ஒன்றுக்குத் தம் கைப்பட விண்ணப்பம் எழுதிப் போட்டார். பதில் ஒரே வரியில் வந்தது. அதை நூர்ஜான்தான் படித்தார். எலிஜிபிள்: தகுதி உண்டு. மூன்று நாளில் வீட்டுச் சாமான் எல்லாம் பெட்டிக்குள் போனது. உறவுக்காரர்களுக்கு நெய்ச்சோறு ஆக்கிப் போட்டார்கள். சாவி வாங்கப் போன இடத்தில்தான் ஒருவர் அந்த வரியை நிதானமாகப் படித்துக் காட்டினார். இல்லெஜிபிள்: எழுத்து புரியவில்லை, மறுபடி எழுதி அனுப்பவும். அதற்குள் வீடுகள் தீர்ந்திருந்தன. கணவர் இரண்டு வாரம் பெட்டிகளின்மேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு, பெஞ்சு மாதிரி" என்று மட்டும் சொன்னார். மறு வருஷம் இறந்துபோனார், அதே வாடகை வீட்டில். ஒரு பெட்டியை நூர்ஜான் இன்னும் பிரிக்கவில்லை. அதில் இருப்பவை திரைச்சீலைகள். புது வீட்டு ஜன்னல் அளவுக்குத் தைத்தவை. இந்த வீட்டு ஜன்னலுக்கு நீளம்.

போன வாரம் சுகுமாரன் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் உலோகத் தகடு வெட்டும் பட்டறை ஒன்றில் லைன் லீடர். தலைக்கவசத்தைக் கழற்றாமலே கைப்பேசியை நீட்டினார். பட்டறையில் நடந்த விபத்துக்கு நிர்வாகம் அவரிடம் விளக்கம் கேட்டிருந்தது. மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்திட்ட பதிலை நேரில் கொடுக்காவிட்டால் வேலை இல்லை. மணி மூன்று. மோட்டார் சைக்கிளை ஃபெர்ரியில் ஏற்றி அக்கரை போக வேண்டும். பதிலைக் கைப்பேசியே எழுதிவிட்டது, அச்சடித்தால் போதும் என்றார்.

நூர்ஜான் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் சுகுமாரன் சொன்னார். வெட்டும் இயந்திரத்தின் முன்னால், கை உள்ளே போகாதபடி ஒரு கம்பித் தடுப்பு உண்டு. சுத்தம் செய்ய அதைக் கழற்றியிருந்தார்கள். திரும்ப மாட்டியதும் லைன் லீடர் சோதித்துப் பார்த்து, தாளில் டிக் போட வேண்டும். அதன் பிறகே இயந்திரம் ஓடலாம். டிக் போட்டாயிற்று, இயந்திரம் ஓடியது. சுலைமான் என்ற தொழிலாளியின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்.

நூர்ஜான் கைப்பேசியை வாங்கிப் படித்தார். மூன்றாவது வரியில் நின்றார். தடுப்பு மாட்டப்பட்டிருந்ததை நான் என்ஷ்யூர் செய்தேன் என்று இருந்தது.

"இதுக்கு ஓரகத்தி ஒருத்தி இருக்கா தம்பி. அஷ்யூர்னு பேரு. அஷ்யூர்னா வாயால சொல்றது. என்ஷ்யூர்னா கைய வச்சுப் பாத்து முடிக்கிறது. நீங்க கைய வச்சுப் பாத்தீங்களா?"

"மாட்டியாச்சு, ஓகேலான்னு ஃபிட்டர் அந்தப் பக்கத்துலேர்ந்து கத்துனாரு."

"அது அவரு வாய். உங்க கை எங்க இருந்துச்சு?"

தாளில் டிக் போட்டுக்கொண்டிருந்தது என்றார் சுகுமாரன். பிறகு, யாரும் கேட்காமலே, பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் போடுவோம் என்றார்.

"அப்ப லெட்டர்லயும் எல்லாருமா கையெழுத்துப் போடப் போறீங்க?"

சுகுமாரன் தலைக்கவசத்தைக் கழற்றினார். அந்த வரி அப்படியே போனால் என்ன ஆகும் என்று நூர்ஜான் கேட்டார். சுகுமாரனுக்குத் தெரிந்தே இருந்தது. தடுப்பு இருந்தது என்று லைன் லீடர் எழுதிக் கொடுத்தால், சுலைமான் தானே அதைக் கழற்றிவிட்டுக் கையை விட்டார் என்று ஆகும். கை ஆறினாலும் அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்க மாட்டார்கள். பார்க்கவில்லை என்று எழுதினால் வேலை போவது சுகுமாரனுக்கு.

"மூணு புள்ளைங்க அக்கா. மூத்தவ ஃபார்ம் ஃபைவ், பள்ளிக்கூடத்துல கடைசி வருஷம்."

"சுலைமானுக்கு?"

"ரெண்டு" என்றார், தரையைப் பார்த்து.

நூர்ஜான் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, பஷீர் கடையில் கேள்வி கேட்காமல் இரண்டு நிமிஷத்தில் அச்சடித்துத் தருவார்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தெரு விசாரிப்பவருக்கு வழி சொல்வதுபோல்தான் சொன்னார். சுகுமாரன் எழுந்தார். சாலையின் பாதிவரை போனார். சுற்றுலாக்காரர்களை ஏற்றிய ரிக்‌ஷா ஒன்று மணி அடித்துக்கொண்டு வர, அது கடக்கட்டும் என்று நின்றார். கடந்த பிறகும் நின்றார். ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். நூர்ஜான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஆறிப்போன தே ஓவை, பால் சேர்க்காத தேநீரை, குடித்து முடித்தார்.

சுகுமாரன் திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தபோது மணி மூன்றரை தாண்டியிருந்தது. "பாக்கலன்னு எழுதுங்க" என்றார்.

கைகள் மடியிலிருந்து எழுந்தன. கடிதம் ஏழு வரிதான் வந்தது. ஃபிட்டர் சொன்னதை நம்பினேன், நான் போய்ப் பார்க்கவில்லை, பார்க்காமலே டிக் போட்டேன், சுலைமான்மேல் தவறில்லை. அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நூர்ஜான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையசைப்பு வாங்கினார். நான்காவது வரியை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை காதில் விழவில்லை என்றார் சுகுமாரன்.

கையெழுத்துப் போட்டவர் பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"வேல போயிருமா அக்கா?"

நூர்ஜான் அவருடைய விரல்களிலிருந்து பேனாவை வாங்கினார். தாளைத் தம் பக்கம் திருப்பி, சுகுமாரனின் கையெழுத்துக்குக் கீழே, இதை இவருக்குத் தமிழில் படித்துக் காட்டியவர் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி, அதன் அடியில் தம் முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதினார். மை காய ஒருமுறை ஊதிவிட்டுத் தாளை நீட்டினார்.