ஏஞ்சல் சொன்ன தடை

எங்கள் இரும்பு உருக்காலையில் டீ இடைவேளை பத்து நிமிடம். அதில் எட்டு நிமிடம் இந்தக் காலத்துப் பிள்ளைகளைத் திட்டுவதற்கே போய்விடும். செல்போனை விட்டால் வேறு கதியில்லை, வெயிலில் நின்றால் வாடிவிடும், இதுகளா நாட்டைக் காப்பாற்றப் போகுது என்பார்கள். சூப்பர்வைசர் தலை தெரிந்தால் டீ கிளாஸை முதுகுக்குப் பின்னால் மறைக்கிற வீரர்கள் நாங்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதிகம் திட்டுகிறவன் தாவீது. என் பக்கத்து வீட்டுக்காரன். இருபத்திரண்டு வருடமாக உலைக்கு முன்னால் நிற்பவன். அவன் மகள் ஏஞ்சலுக்கு இருபது வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பேக்கிங் வேலை. ஷிப்ட் முடிந்தால் கம்பெனி வேனில் ஏற மாட்டாள். கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியில் வீடுவரை ஓடியே வருவாள். ஒரு வருடம் அப்படி ஓடி, ராணுவ போலீஸ் தேர்வில் ஓட்டம், எழுத்து, மருத்துவம் எல்லாவற்றிலும் தேறினாள். சேரச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது.

தாவீது ஆடிப்போனான். "கரப்பான் பூச்சிய பாத்தா கட்டில் மேல ஏறிக்கினு கத்துவா. இவளுக்கு இன்னாத்துக்குத் துப்பாக்கி?" என்று என்னிடம் பொருமினான். ஒரே மகள்; அவன் கலக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவன் செய்த காரியம் அநியாயம். அந்த வேலைக்குக் கல்யாணம் ஆகாதவர்களைத்தான் எடுப்பார்கள் என்று தெரிந்துகொண்டு, அவசர அவசரமாக ஆரணியில் ஜெரால்ட் என்ற பையனைப் பேசி முடித்தான். பெண்ணுக்குச் சம்மதம் என்று எங்கள் சர்ச் ஆயரிடம் பொய்யும் சொன்னான். அவள் மாட்டேன் என்றது எங்கள் தெருவுக்கே தெரியும்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று ஓலை வாசிப்பார்கள். முதல் ஞாயிறன்று ஆயர் இருவர் பெயரையும் வாசித்து, "இந்த விவாகத்துக்குத் தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் இப்போது அறிவிக்கலாம்" என்றார். எனக்கு நினைவு தெரிந்து அந்தக் கேள்விக்கு யாரும் வாய் திறந்ததில்லை. தாவீதும் அந்தத் தைரியத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஏஞ்சல் எழுந்தாள்.

"எனுக்குத் தடை இருக்குது, ஐயா. நான் ராணுவத்துல சேரப் போறேன். எனுக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

ஆயர் தாவீதை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓலையை மடித்து வைத்தார்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் தாவீது அவளை மறித்தான். "இத்தினி பேரு முன்னால என் மானத்த வாங்கிட்டியே. உனுக்குப் பயமே இல்லியாடி?"

"இருக்குது, நைனா. துப்பாக்கியவிட உன்ன பாத்துத்தான் எனுக்குப் பயம். உன் எதிர்லயே எழுந்து நின்னுட்டேன். இனிமே எங்க வேணா நிப்பேன்."

தாவீது செருப்பை மாட்டக் குனிந்தான்.

"எப்ப ரயிலு?" என்று தரையைப் பார்த்தபடியே கேட்டான்.