காலி இடங்களைத் தாண்டிய புரோகிராம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுப்போம். மழைக்காலத்தில் வாடிக்கையாளர்களின் ஃபிளாப்பிகள் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போகும். அதனால் ஒவ்வொன்றையும் அப்படியே ஒரே கோப்பாக ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவைக்க ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். அந்தக் கோப்பை இன்னொரு ஃபிளாப்பி போலவே திறந்து பார்க்கலாம்.

ஆனால் அது ஆமை வேகத்தில் ஓடியது. நடுவில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"இன்னாபா, இன்னும் ஓடிகினே கீது?" என்பார் முதலாளி.

புரோகிராம் ஒரு சிறு துண்டைப் படித்து எழுதி முடிப்பதற்குள், சுழலும் வட்டில் அடுத்த துண்டு கடந்து போய்விடும். அது மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். முழுச் சுற்றையும் ஒரே மூச்சில் படிக்கும்படி மாற்றினேன். கோப்புகள் இல்லாத காலி இடங்களைத் தொடாமலே தாண்டச் செய்தேன். அதன் பிறகு ஒரு நகல் சில நிமிடங்களில் முடிந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு கல்லூரி ஆசிரியை வந்தார். வண்டலூர் பூங்காவின் சிங்கவால் குரங்குகளைப் பற்றி ஆய்வு செய்பவர். ஆய்வேட்டைத் தானே தட்டச்சு செய்து, நகலுக்காக ஃபிளாப்பியை அவ்வப்போது எங்களிடம் கொண்டுவருவார். நிதானமாகப் பேசுபவர், அன்று படியேறி வந்ததுமே படபடவென்று ஆரம்பித்தார்.

"சார், நாலாவது அத்தியாயத்தை நானே அழிச்சிட்டேன். பழைய காப்பின்னு நினைச்சேன். அப்புறம்தான் இங்க வந்து காப்பி எடுக்க ஃபிளாப்பியைக் குடுத்தேன். நேத்து அதுமேலயே காலேஜ் ஃபைல் எல்லாம் ஏத்திட்டேன்."

"கையெழுத்துக் குறிப்பு இருக்கா மேடம்?"

"குறிப்பு இருக்கு. எழுதினது இல்ல. குட்டி செத்த பிறகும் தாய் அதைத் தூக்கிக்கிட்டே திரிஞ்சுது சார். பக்கத்துல நின்னு பார்த்துட்டு அன்னைக்கே எழுதினேன். இனிமே அப்படி எழுத வராது."

ஒரு கோப்பை அழித்தால் பெயர்தான் போகும். வேறு ஏதாவது மேலே ஏறும்வரை எழுத்துகள் வட்டில் கிடக்கும். அவர் ஃபிளாப்பியில் மேலே ஏறிவிட்டது. எங்களிடம் இருந்த நகலோ, அவர் அழித்த பிறகு எடுத்தது. அழிந்த இடத்தைக் காலி என்று என் புரோகிராம் தாண்டியிருக்கும். அங்கே வெறும் சுழியங்கள்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. இருந்தாலும் நகலைத் திறந்து பார்த்தேன்.

சுழியங்கள் இல்லை. அவர் ஃபிளாப்பி வந்த ஒவ்வொரு முறையும் பழைய நகலின் மேலேயே புதியதை எழுதிவந்தோம். தாண்டிய இடங்களில் எதையும் எழுதாததால், அவர் அழிப்பதற்கு முந்தைய முறை எடுத்த அத்தியாயம் அங்கே அப்படியே கிடந்தது. இப்படி ஆகும் என்று யோசித்து நான் எழுதவில்லை. துண்டுகளை வரிசையாகக் கோத்து, புதுக் கோப்பாக்கி, அச்செடுத்துக் கொடுத்தேன்.

அவர் உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் போய், பேருந்துச் சத்தத்துக்கு நடுவே கடைசிப் பக்கம்வரை படித்தார். கண்களைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"மூணாவது பக்கத்துல ஒரு ஸ்பெல்லிங் தப்பா இருக்கு சார்," என்றார். "அதை மட்டும் சரி பண்ணிடுங்க."